சேற்றைத் தூர்த்தவர்கள்: தாராவி உருவான கதை

பட்டினப்பாலையை வகுப்பில் நடத்தும் ஆண்டுகளிலெல்லாம் மாணவர்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி எழும். முந்நூற்றொரு அடிகளில் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையும் கரிகாலனின் சிறப்பையும் பேசுகிறது. பிறகு ஏன் இதற்குப் 'பாலை' என்று பெயர்? பொருள் தேடிப் புறப்பட நினைக்கும் தலைவன், அந்தப் பட்டினமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வரமாட்டேன் என்று தன் நெஞ்சுக்குச் சொல்வதே பாட்டின் அமைப்பு என்று நாம் விடை சொல்வோம். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் பணியாற்றும் நமக்கு அந்த விடையைச் சொல்லும்போது சற்றுக் கூச்சம் உண்டாகும். எதிரே அமர்ந்திருப்பவர்களுள் சிலர், புறப்பட்டுப் போன தலைவர்களின் பிள்ளைகள். "அப்பா எங்கே இருக்கிறார்?" என்று கேட்டால் "பம்பாய்ல சார்" என்பார்கள். பம்பாயில் எங்கே என்று கேட்டால், பத்தில் பாதி விடை ஒரே சொல்லாக இருக்கும்: தாராவி.

அந்தச் சொல்லைத் தமிழர்கள் பெரும்பாலோர் திரைப்படங்கள் வழியாகவே அறிவர். 1987இல் வெளிவந்த 'நாயகன்' முதல் 2018இல் வெளிவந்த 'காலா' வரை நாம் பார்த்த தாராவி, மழையில் நனைந்த சந்துகளும் தாதாக்களும் நிறைந்த ஓரிடம். செய்தித்தாள்களுக்கு அது 'ஆசியாவின் மிகப்பெரிய சேரி'. கராச்சியின் ஓரங்கி போன்ற இடங்களோடு ஒப்பிட்டால் அந்தப் பட்டமும் இன்று பொருந்தாது. ஆனால் ஓர் ஊரின் வரலாற்றை அதன் பட்டங்களிலிருந்து தொடங்குவது முறையாகாது. அந்த ஊர் எந்த நிலத்தின் மேல் நிற்கிறது, அந்த நிலம் எப்படி வந்தது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். தாராவியைப் பொறுத்தவரை அதுவே முதன்மையான கேள்வி. இன்று அங்கு நடக்கும் வழக்கு முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

நெய்தல்

இன்றைய தென்மும்பை ஒரு காலத்தில் ஏழு தீவுகளாகக் கிடந்தது. போர்த்துக்கீசியரிடமிருந்து 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையின்படி இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கு அது சீதனமாகச் சென்றது. 1668இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விடப்பட்டது. அந்தத் தீவுத் தொகுதியின் வடகோடியில், மாஹிம் கழிமுகத்தின் தென்கரையில், அலையாத்தி மரங்களும் உவர்ச்சேறும் சூழக் கிடந்த மீனவர் குப்பமே தாராவி. அங்கு வாழ்ந்தவர்கள் கோலி மக்கள். மும்பைத் தீவுகளின் மிகப் பழைய குடிகளாகக் கருதப்படுபவர்கள் அவர்கள். 1909ஆம் ஆண்டு வெளியான பம்பாய் நகர அரசிதழ்க் களஞ்சியம், பெரிய கோலிவாடாக்கள் ஆறனுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது. 'கோலிவாடா' என்பதற்கு மீனவர் குடியிருப்பு என்று பொருள். இன்றும் தாராவியின் ஒரு மூலையில் அந்தப் பெயரோடு ஒரு பகுதி இருக்கிறது.

கழிமுகத்துக்கு அப்பால் சால்செட் தீவு. 1737இல் மராட்டியர் அதைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றத் தொடங்கியபோது, எல்லைக்கு இப்பால் இருந்த ஆங்கிலேயர் அஞ்சினர். அந்த ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டுடன் ஒரு சிறு கோட்டை தாராவியில் நிற்கிறது. ரீவா கோட்டை என்பது அதன் பெயர். 'காலா கில்லா', அதாவது கருங்கோட்டை என்று மக்கள் அழைக்கிறார்கள். வீடுகளும் பட்டறைகளும் நெருக்கி நிற்க, நடுவில் சிதைந்து கிடக்கும் அந்தச் சுவரைப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். தாராவி அந்நாளில் நகரத்தின் பகுதி அன்று, நகரத்தின் எல்லை. காவல் வைக்கும் இடம். அதற்கப்பால் பகைவன் நாடு.

எல்லை நெடுநாள் எல்லையாக இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சயான் பாலவழியும், 1845இல் மாஹிம் பாலவழியும் தீவுகளைச் சால்செட்டோடு இணைத்தன. மாஹிம் பாலவழி பார்சி வணிகர் ஜம்செட்ஜி ஜீஜீபாயின் மனைவி தந்த நன்கொடையால் கட்டப்பட்டது. 1853இல் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தாணே வரை ஓடியது. அது சயான் வழியாகவே சென்றது. இந்தக் கட்டுமானங்கள் நகரத்தின் பெருமைகளாகப் பாடநூல்களில் இடம்பெற்றிருக்கின்றன. கோலி மக்களுக்கு அவை வேறொன்றாக முடிந்தன. கரைகளும் பாலவழிகளும் நீரோட்டத்தைத் தடுக்க, கழிமுகம் மெல்ல மெல்லத் தூர்ந்தது. படகு சென்ற இடம் சேறாயிற்று. நெய்தலுக்கு நீர் வற்றினால் அது எந்தத் திணையும் ஆகாமல் நடுவில் நிற்கும். நீரும் இல்லாத, நிலமும் இல்லாத அந்த இடைப்பட்ட வெளிதான் பின்னர் வந்தவர்களுக்குக் கிடைத்தது.

தோல்

நகரம் வளர்ந்தபோது, அது தன் நடுவில் வைத்துக்கொள்ள விரும்பாதவற்றை ஓரத்துக்குத் தள்ளியது. நாற்றம் தரும் தொழில்கள் அவற்றுள் முதன்மையானவை. கழிமுகத்தின் மறுகரையில், பாந்த்ராவில், மாடறுக்கும் கூடம் இருந்தது. தோல் அங்கே, பதனிட நீரும் வெற்றிடமும் இங்கே. 1887ஆம் ஆண்டையொட்டித் தாராவியில் தோல் பதனிடுதல் வேரூன்றியதாகச் சொல்வர். தாராவியின் பெரிய பள்ளிவாசலும் அதே ஆண்டைச் சேர்ந்தது என்பர்.

இங்குதான் நம் மக்கள் வருகிறார்கள். தோல் பதனிடுதல் தமிழகத்துக்குப் புதியதன்று. ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடல் கடந்து விலைபோனது. அந்த வேலை தெரிந்த இசுலாமியரும், ஊரில் 'தீண்டத்தகாதவர்' என்று ஒதுக்கப்பட்ட ஆதிதிராவிடரும் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வடக்கே புறப்பட்டனர். 1871இல் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் சந்தித்தன. 1876இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு தாது வருடப் பஞ்சமும் தொடங்கியது. ரயிலும் பஞ்சமும் ஒன்றாக வந்தால் மக்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஊரில் சாதி தடுத்த தொழில் ஒன்று, நகரத்தில் கூலியாகக் கையில் வந்தது. அது நாற்றமடிக்கும் கூலிதான். ஆனால் அந்தக் கூலியைப் பெறுவதற்கு எவர் முன்னும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தாராவித் தமிழரின் வரலாற்றை வறுமையின் வரலாறாக மட்டும் எழுதுவோர் தவறவிடும் செய்தி இது. பசியிலிருந்து தப்பியவர்களோடு, ஊரிலிருந்தே தப்பியவர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். அங்கு அவர்கள் எடுத்த முதல் பொதுப்பணிகள் இதற்குச் சான்று. 1913இல் ஒரு பிள்ளையார் கோயில். 1924இல் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். ஊரில் கோயிலுக்குள்ளும் பள்ளிக்கூடத்துக்குள்ளும் நுழைய வழக்காட வேண்டியிருந்த காலத்தில், சேற்று மேட்டில் நின்று தமக்கென ஒரு கோயிலையும் பள்ளியையும் அவர்கள் எழுப்பினர்.

தண்டவாளத்தின் இரு பக்கங்கள்

1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. நெரிசலே நோய்க்குக் காரணம் என்று கண்ட அரசு, 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை என்னும் அமைப்பைச் சட்டத்தின் வழி நிறுவியது. குடிசைகளை இடித்து, அகன்ற சாலைகளிட்டு, வடக்கே புதிய குடியிருப்புகளை அது வகுத்தது. தாதர், மாட்டுங்கா, சயான் ஆகியவை அவ்வாறு வரைபடத்தில் பிறந்து மண்ணுக்கு வந்த புறநகர்கள். அளவெடுத்த மனைகள், நிழல் தரும் மரங்கள், பூங்காக்கள், சாக்கடைகள் எல்லாம் முதலில் வந்தன. மனிதர் பின்னால் வந்தனர்.

அந்த மனிதருள் தமிழரும் இருந்தனர். அலுவலகங்களில் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த, பெரும்பாலும் பிராமணரான தென்னிந்தியர் மாட்டுங்காவில் குடியேறினர். 1932இல் அங்கே தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. காபிக் கடைகளும் பூக்கடைகளும் கோயில்களும் சேர்ந்து மாட்டுங்காவை ஒரு சிறு மயிலாப்பூராக்கின.

ஒரே மொழி பேசியவர்கள், ஒரே மாகாணத்திலிருந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தவர்கள். தண்டவாளத்தின் ஒரு பக்கம் வரைபடம் முதலில் வந்தது. மறுபக்கம் மனிதர் முதலில் வந்தனர், வரைபடம் இன்றுவரை முழுதாக வரவில்லை. பம்பாய்த் தமிழரின் இலக்கியமும் இசையும் சங்கங்களும் பற்றி எழுதப்பட்டவற்றை நாம் படித்திருக்கிறோம். அவற்றுள் மாட்டுங்காவுக்கு வாய்த்த பக்கங்களையும் தாராவிக்கு வாய்த்த பக்கங்களையும் எண்ணிப் பார்த்தால், அந்தத் தண்டவாளம் புத்தகங்களின் ஊடாகவும் ஓடுவது தெரியும்.

தாராவி தமிழரால் மட்டும் ஆனதன்று. சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்த குயவர்கள், நகரத்துக்குள் இடம் மாற்றி மாற்றி விரட்டப்பட்டு, 1930களில் இங்கே வந்து சேர்ந்தனர். அவர்கள் வாழும் கும்பார்வாடாவில் வீட்டுக்கும் சூளைக்கும் இடையே ஒரு முற்றம்தான் இருக்கும். உத்தரப்பிரதேசத்திலிருந்து தையற்காரரும் பூவேலைக்காரரும் வந்தனர். மராட்டியத்தின் உள்மாவட்டங்களிலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் உழைப்பாளர் வந்தனர். பல மொழி பேசுவோர் ஒன்றாய்க் கலந்து வாழும் பட்டினம் என்று புகாரைப் புகழ்வது நம் புலவர் மரபு. அதே காட்சியைத் தாராவியில் கண்டால் நெரிசல் என்று பெயரிடுகிறோம்.

மண்

நாடு விடுதலை பெற்ற பின் வந்த முப்பது ஆண்டுகளே தாராவி பெருகிய காலம். 1950இலும் 1957இலும் பம்பாய் மாநகராட்சியின் எல்லை வடக்கே விரிந்தது. ஒரு காலத்தில் நகரின் வடகோடியாக இருந்த தாராவி, எல்லை நகர்ந்ததால் நகரின் நடுவுக்கு வந்துவிட்டது. அது இருந்த இடத்திலிருந்து அசையவே இல்லை. மேற்கு ரயில்பாதைக்கும் மத்திய ரயில்பாதைக்கும் இடையே, இரு பக்கமும் நிலையங்கள் அமைய, உழைக்கும் மக்களுக்கு அதைவிட வாய்ப்பான இடம் நகரத்தில் வேறு இல்லை. பஞ்சாலைகளுக்கும் துறைமுகத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளுக்கு வீடு கட்டித்தரும் எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை.

ஆகவே வந்தவர்கள் வீட்டைக் கட்டுவதற்கு முன் நிலத்தைக் கட்டினார்கள். இதை உவமையாகச் சொல்லவில்லை. கழிமுகத்தின் சேற்றில் கட்டட இடிபாடு, நகரத்தின் குப்பை, சாம்பல், கல், மண் என்று கிடைத்ததையெல்லாம் கொட்டி மேடாக்கி, அதன்மேல் தகரமும் பலகையும் சாக்கும் கொண்டு குடிசை போட்டார்கள். மழைக்காலத்தில் நீர் ஏறும், மறுபடி கொட்டுவார்கள். சில ஆண்டுகளில் குடிசை செங்கல் சுவராகும்; பிறகு மேலே ஒரு தளம் ஏறும், வெளிப்புறம் ஓர் இரும்பேணி சாய்ந்து நிற்கும். இன்று இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அந்த இடத்தில் ஆறு இலட்சம் முதல் பத்து இலட்சம் மக்கள் வரை வாழ்வதாக மதிப்பிடுகிறார்கள். குறைந்த கணக்கைக் கொண்டாலும், சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பழைய மாணவர் ஒருவரின் திருமணத்தை ஒட்டித் தாராவியில் மூன்று நாள் தங்கினோம். அவருடைய பாட்டியார், தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால் உள்ள சந்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருந்தார். நம்மை வாத்தியார் என்று அறிந்ததும், பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். அதில் பழைய ரேஷன் அட்டைகள், மின்கட்டணச் சீட்டுகள், வாக்காளர் அட்டை, 'போட்டோ பாஸ்' என்று அவர்கள் சொல்லும் குடிசை அடையாள அட்டை எல்லாம் நெகிழித் தாளில் சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. "எல்லாத்தையும் படிச்சுப் பாருங்க சார்வாள், இதெல்லாம் செல்லுமா?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. ஏதோ ஆறுதலாகச் சொன்னோம். அவர் தரையைக் கையால் தட்டிக் காட்டினார். "இந்த எடம் அப்போ முழங்கால் அளவு சகதி. இதுல கெடக்க மண்ணு நானும் எங்க வீட்டு ஆளும் தலைச்சுமையாக் கொண்டாந்து கொட்டுனது. அதுக்கு எவன் ரசீது குடுத்தான்?"

வரலாற்று ஆவணங்களைத் தேடித் திரியும் நமக்கு, அந்தக் கேள்வி இன்றுவரை நெஞ்சில் தைத்திருக்கிறது.

எண்ணிக்கை

அரசுக்கும் தாராவிக்கும் உள்ள உறவை ஒரே வரியில் சொல்வதானால், அது தேதிகளின் வரலாறு. தொடக்கத்தில் குடிசை என்றால் இடிப்பது என்பதே கொள்கை. 1971இல் மகாராஷ்டிர அரசு குடிசைப் பகுதிகள் சட்டத்தை இயற்றியது. 1976இல் குடிசைகளின் கணக்கெடுப்பு நடந்தது. அந்தக் கணக்கில் இடம்பெற்றோர்க்குப் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை தரப்பட்டது. குடிநீர்க் குழாயும் மின்சாரமும் பொதுக் கழிப்பிடமும் சிறிது சிறிதாக வரத் தொடங்கின. முதன்முறையாக அரசின் ஏட்டில் அவர்கள் 'இருந்தார்கள்'.

ஆனால் அதே 1976இல், மான்கூர்ட் பகுதியில் அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி என்னும் பெரிய குடியிருப்பு காலிசெய்யப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப் என்னும் இடத்துக்கு மாற்றப்பட்டனர். அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டியெழுப்பிய அவர், 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றார், 2018இல் மறைந்தார். ஜனதா காலனி அவருக்குக் கற்பித்த பாடம் எளியது: நம்மை நாமே எண்ணிக்கொள்ளாவிட்டால், பிறர் நம்மைக் குறைத்து எண்ணுவார்கள்.

அந்தப் பாடம் தாராவியில் பயன்பட்டது. 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி தாராவிக்கு வந்து பம்பாய்க்கு நூறு கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். திட்டம் வந்ததும் எத்தனை குடும்பங்கள் என்ற கேள்வி வந்தது. அரசின் மதிப்பீட்டை ஏற்காத குடியிருப்போர் அமைப்புகள் தாமே வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தன. அவர்களின் எண்ணிக்கை அரசின் எண்ணிக்கையைவிட மிகுதியாக இருந்தது. சுண்ணாம்புக் கட்டியால் கதவுகளில் எண்ணிட்டுச் சென்ற அந்த மக்கள், தம் ஊரின் முதல் வரலாற்றாசிரியர்கள் என்று சொன்னால் மிகையாகாது.

ஊர் என்னும் பட்டறை

தாராவியில் நெரிசல் ஏன் இவ்வளவு என்பதற்கு வறுமை மட்டும் விடையன்று. அங்கே வீடும் பட்டறையும் ஒன்று. கீழே தோல்பை தைக்கும் இயந்திரம், மேலே உறங்குமிடம். நகரத்தின் நெகிழிக் கழிவுகள் பதின்மூன்றாம் காம்பவுண்டு என்ற பகுதியில் நிறம்வாரியாகப் பிரிக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, மீண்டும் மூலப்பொருளாகின்றன. மாடறுக்கும் கூடம் 1971இல் பாந்த்ராவிலிருந்து தியோனாருக்குச் சென்றது. பதனிடும் தொழிலும் காலப்போக்கில் சுருங்கியது. எனினும் தோற்பொருள் செய்யும் கைகள் தாராவியிலேயே தங்கிவிட்டன. முறுக்குப் பிழியும் வீடுகளும் கடலைமிட்டாய் வார்க்கும் வீடுகளும் உண்டு. விடியுமுன் இட்லி அவித்து, சட்னித் தூக்கோடு மிதிவண்டியில் ஏற்றி, நகரத்தின் தெருவெல்லாம் விற்றுவரும் நம் ஊர்க்காரர்களை மும்பைவாசிகள் நன்கு அறிவர். இத்தொழில்கள் அனைத்துக்கும் தரைத்தளம் வேண்டும், தெருவின் ஓரம் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் கை வேண்டும். குயவரின் சூளையை ஏழாம் மாடியில் வைக்க இயலாது.

இந்த நெருக்கம் துன்பமும் தந்தது. 1966இல் தோன்றிய சிவசேனை, தென்னிந்தியர்க்கு எதிராக எழுப்பிய முழக்கங்களின் சூட்டைத் தாராவியும் உணர்ந்தது. 1992 டிசம்பரிலும் 1993 சனவரியிலும் நடந்த மதக்கலவரங்கள் அண்டை வீட்டாரை அந்நியராக்கின. பிறகு அதே அண்டை வீட்டார் அமைதிக்குழுக்களில் ஒன்றாக அமர்ந்து மீண்டும் பேசத் தொடங்கினர். 2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது, பெரும் அழிவு வரும் என்று உலகமே அஞ்சியது. வீடு வீடாகச் சென்று பரிசோதித்துத் தனிமைப்படுத்திய மாநகராட்சியாலும், வீதிவீதியாக உழைத்த உள்ளூர் மருத்துவர்களாலும் தொண்டர்களாலும் நோய் கட்டுக்குள் வந்தது. அந்த ஆண்டு சூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். பொங்கலன்று தொண்ணூறடிச் சாலையின் ஓரத்தில் வரிசையாகப் பானைகள் ஏறும் காட்சியைக் கண்டவர்கள், அந்த ஊருக்கு ஒன்றுகூடத் தெரியும் என்பதை முன்பே அறிந்திருப்பார்கள்.

கோடு

1970களின் இறுதி முதல், மித்தி ஆற்றின் மறுகரைச் சதுப்பில் பாந்த்ரா-குர்லா வளாகம் என்ற வணிக நகரம் எழும்பத் தொடங்கியது. இன்று வங்கிகளும் வைரச் சந்தையும் பங்குச்சந்தைக் கட்டடமும் அங்கே நிற்கின்றன. ஒரு கரையில் சதுப்பைத் தூர்த்ததற்கு 'வளர்ச்சி' என்று பெயர். மறுகரையில் சதுப்பைத் தூர்த்ததற்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர். தாராவியின் நிலம் விலைமதிப்பற்றதாக ஆனதும், அதைச் சீரமைக்கும் திட்டங்கள் விரைந்து வந்தன.

1995இல் குடிசை மறுவாழ்வு ஆணையம் அமைந்தது. தனியார் நிறுவனம் அடுக்குமாடி கட்டும். தகுதியுள்ளவர்க்கு இலவச வீடு. மிஞ்சும் நிலத்தில் விற்பனைக்குக் கட்டி நிறுவனம் ஈடுகட்டிக்கொள்ளும். இதுவே முறை. 2004இல் தாராவி முழுவதற்குமான சீரமைப்புத் திட்டத்துக்கு அரசு இசைவளித்தது. ஆண்டுகள் கடந்தும் ஒப்பந்தங்கள் நிலைக்கவில்லை. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கோரிய அதானி குழுமம் ஒப்பந்தப்புள்ளியில் வென்றது. 2023இல் அரசு அதை உறுதிசெய்தது. 2024இல் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. மீண்டும் கதவுகளில் எண்கள் எழுதப்பட்டன. இம்முறை எழுதியவர்கள் வேறு.

'தகுதி' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 1976, 1985, 1995, 2000 என்று அரசு வெவ்வேறு காலங்களில் கோடு கிழித்தது. கோட்டுக்கு முன் வந்தவர் குடிமகன். பின் வந்தவர் ஆக்கிரமிப்பாளர். இப்போதைய திட்டத்தின்படி, 2000 சனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வாழ்வதைச் சான்றோடு நிறுவுவோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் 2011 வரை வந்தோர்க்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை இலட்சம் ரூபாய் விலையில் வீடு. மேல்தளத்தில் வாழ்வோர்க்கு வேறு விதி. நல்ல காற்றும் தனிக் கழிப்பறையும் உள்ள வீட்டை வேண்டாம் என்று சொல்பவர் எவரும் தாராவியில் இல்லை. நாம் பேசிய ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. அவர்களின் அச்சம் வேறு. மேல்தளத்தில் வாழ்பவர் பெரும்பாலும் கீழ்த்தளத்தில் வாழ்பவரின் மகன். கோடு அந்த ஏணியின் நடுவில் விழுகிறது.

சேரி

இறுதியாக ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லி முடிப்போம். 'சேரி' என்பது சேர்ந்து வாழும் இடம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் வாழ்ந்த ஊரின் பிரிவுகளே சேரிகள் எனப்படுகின்றன. பின்னாளில் ஊர் தன் ஒரு பகுதியை விலக்கி வைத்தபோது, ஊருக்கு 'ஊர்' என்ற சொல்லும் விலக்கப்பட்டவர்க்குச் 'சேரி' என்ற சொல்லும் மிஞ்சின. அந்தச் சேரியை விட்டுப் புறப்பட்டு ஆயிரம் கல் தொலைவு போனவர்களை, அங்கேயும் அதே சொல் முன்னே சென்று காத்திருந்து வரவேற்றது. ஆனால் தாராவியின் நூற்றுமுப்பது ஆண்டுக்கால வரலாறு, அச்சொல்லின் முதற்பொருளுக்கே சான்றாக நிற்கிறது. நெய்தலின் கோலியும், நெல்லையின் தோல்தொழிலாளியும், சௌராஷ்டிரக் குயவரும், வடநாட்டுத் தையற்காரரும் சேர்ந்ததால் அது சேரி.

பட்டினப்பாலையின் தலைவன், பட்டினமே கிடைத்தாலும் வாரேன் என்று சொல்லித் தங்கிவிட்டான். தங்க முடியாதவர்கள் புறப்பட்டுப் போய், பட்டினம் கிடைக்காத இடத்தில் தாமே ஒன்றை உண்டாக்கினார்கள். அதன் வரலாற்றை எழுதுவோர் கோட்டையின் கல்வெட்டையும், அரசின் சட்டத்தையும், ஒப்பந்தத்தின் தொகையையும் எடுத்துக்காட்ட இயலும். நாமும் அதையே செய்தோம். தலைச்சுமையாகக் கொட்டப்பட்ட மண்ணுக்கு மட்டும் கல்வெட்டு இல்லை. தகரப் பெட்டியின் தாள்கள் செல்லுமா செல்லாதா என்பதை ஓர் அலுவலர் முடிவுசெய்வார். அந்தப் பாட்டியார் கைவைத்துக் காட்டிய தரையும் ஓர் ஆவணமே என்பதை, வரலாறு பயிலும் நாமாவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.